வீடு வாங்க முதல் குனிந்து பாருங்கள்

தம்பி,

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். தங்கச்சிக்குக் கனடாவின் வடகோடியில், நான் இருக்கிற இந்த இனுவிக் ஊர் வைத்தியசாலையில் தாதி வேலை வந்திருக்கிறது. டொரொன்டோ ஸ்காபரோவில் இருக்கும் அடுக்குமாடியை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளோடும் வடக்கே ஏறலாமா என்று யோசிக்கிறீர்கள். அதற்குள் யாரோ ரஷ்யாவில் எண்ணெய்த் தாங்கி உடைந்து ஆறு சிவந்து ஓடிய படத்தைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். "அங்கே நிலமே உருகுகிறதாமே அண்ணா, வீடுகள் சாய்கின்றனவாம், ரோட்டு தாழ்கிறதாம். வந்தால் வீடு வாங்கலாமா, வாடகைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் எப்படி என்று ஒரு சொல் கேட்கவில்லை. இங்கே வர நினைக்கும் எல்லோரும் முதலில் குளிரைத்தான் கேட்பார்கள். நீங்கள் நிலத்தைக் கேட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

சுருக்கமாகச் சொன்னால், கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. இருந்தாலும் வாருங்கள். ஆனால் இரண்டு குளிர்காலம் முடியும்வரை வீடு வாங்காதீர்கள்.

நான் பருத்தித்துறைக்காரன். பதினொரு வருடம் ஸ்காபரோவில் இருந்துவிட்டு 2008இல் இங்கே வந்தேன். கட்டடப் பராமரிப்பு வேலை. கதவு இறுகினால், குழாய் உறைந்தால், சுவர் வெடித்தால் கூப்பிடுகிற ஆள். அதனால் நான் எழுதுவதில் விஞ்ஞானியின் கணக்கைவிட, வீடுகளுக்கு அடியில் தவழ்ந்தவனின் கணக்குத்தான் கூடுதலாக இருக்கும்.

வந்த முதல் ஜூலையில் ஒரு பலகை நடுவதற்குக் கிடங்கு வெட்டச் சொன்னார்கள். வெயில் கொளுத்துகிறது, நுளம்பு மொய்க்கிறது, நான் கை வைத்த பனியனோடு நிற்கிறேன். முழங்கால் அளவு ஆழம் வரை ஈர மண், மண்வெட்டிக்குச் சுகமாக வந்தது. அதற்குக் கீழே அலவாங்கை இறக்கினால் 'ணங்' என்று தெறித்தது. ஊரில் கிணறு வெட்டும்போது சுண்ணாம்புக் கல்லில் பட்டால் அப்படித்தான் தெறிக்கும். கல் என்றே நினைத்தேன். உடைந்து வந்த துண்டைக் கையில் எடுத்தால் வெறும் களிமண். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கையிலேயே இளகிக் கஞ்சியாக வழிந்தது. நான் விழித்ததைப் பார்த்து கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்.

அதுதான் பெர்மாஃப்ரொஸ்ட். தமிழில் உறைநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு வருடமாவது பூச்சியம் பாகைக்கு மேலே போகாத நிலம் எதுவும் இந்தக் கணக்கில் வரும். இங்கே கீழே இருப்பது இரண்டு வருடத்துச் சரக்கல்ல, ஆயிரக்கணக்கான வருடமாக உறைந்து கிடப்பது. மேலே ஒரு தோல் மட்டும் ஒவ்வொரு கோடையும் இளகி மறுபடி உறையும். அந்தத் தோல் எவ்வளவு தடிப்பு என்பதில்தான் இந்த ஊரின் நிம்மதி இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். நிலம் உறைந்திருப்பதோ இளகுவதோ தன்னளவில் ஆபத்தில்லை. கீழே பாறை என்றால் உறைந்தாலும் இளகினாலும் அது பாறைதான். எங்கள் பிரதேசத் தலைநகரான யெலோநைஃபில் பல வீடுகள் அப்படிப் பாறையில் நிற்கின்றன. ஆனால் அங்கிருந்து பெச்சொக்கோவுக்குப் போகிற நெடுஞ்சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள், பாறை விட்டுப்போன இடத்திலெல்லாம் கார் வள்ளம்போல ஏறி இறங்கும். இனுவிக் மக்கென்சி ஆற்றின் கழிமுக ஓரத்தில் இருக்கிறது. இங்கே வண்டல், களி, அதற்கு நடுவே ஆப்பு அடித்த மாதிரிச் சுத்தமான பனிக்கட்டி. பனி உருகினால் தண்ணீர் ஓடிவிடும், அது இருந்த இடம் காலியாகிவிடும், மேலே நிற்பது இறங்கும். அதுவும் ஒரே அளவாக இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஒரு மூலை நான்கு விரல் இறங்கும், மற்ற மூலை அசையாது. வீட்டை முறிப்பது அந்த வித்தியாசம்தான்.

இதெல்லாம் தெரியாமல் கட்டிய ஊரல்ல இது. பக்கத்தில் அக்லாவிக் என்று ஒரு ஊர், ஆற்று வளைவில் இருக்கிறது. வெள்ளம், கரை அரிப்பு, ஈர மண். 1950களில் அரசாங்கம் அந்த ஊரையே தூக்கி வேறிடத்தில் வைக்க முடிவெடுத்து, சரளைக்கல் கிடைக்கிற மேட்டு நிலமாகத் தேடிப் புதிதாகக் கட்டியதுதான் இனுவிக். 1958இல் பெயர் வைத்தார்கள், இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இனுவியாலுயிட் மக்களின் மொழியில் 'மனிதர் இருக்கும் இடம்' என்ற பொருளில். அக்லாவிக் சனத்தில் ஒரு பகுதி வரமாட்டோம் என்று அங்கேயே இருந்துவிட்டது. 'சாவோம் என்று சொல்லவே மாட்டோம்' என்பது அந்த ஊரின் கொள்கை வாசகம், இன்றைக்கும் அறுநூறு பேரளவில் இருக்கிறார்கள். இடம்பெயரச் சொன்னபோது மாட்டேன் என்றவர்களை எனக்கு ஏனோ பிடிக்கும். ஏன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

புது ஊரைக் கட்டும்போது நிலத்தைக் கிளறாமல் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். அத்திவாரக் கிடங்கு இல்லை. நீராவியைக் குழாயால் பாய்ச்சி உறைநிலத்தில் துளை இளக்கி, மரத்தூணை இறக்கி, நிலம் மறுபடி உறைந்து தூணைக் கவ்விப் பிடிக்க விட்டுவிட்டார்கள். இங்கே எல்லோரும் அதை 'பைல்' என்றுதான் சொல்வார்கள். இப்போது பெரும்பாலும் இரும்புப் பைல். வீடு அந்தப் பைல்களின் மேல், தரையிலிருந்து ஒரு ஆள் குனிந்து போகிற உயரத்தில் நிற்கும். நம்மூர் ஆட்கள் படத்தைப் பார்த்ததும் "வெள்ளம் வருமோ?" என்று கேட்பார்கள். வெள்ளத்துக்கல்ல, காற்றுக்கு. வீட்டின் சூடு நிலத்துக்கு இறங்கக்கூடாது, குளிர்காலத்து மைனஸ் நாற்பது காற்று அடியால் புகுந்து நிலத்தை நன்றாக உறைய வைக்கவேண்டும்.

இந்த ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வீடு செலவானது.

2011இல் வாங்கினேன். கூடம் விசாலம், குசினி புதிது, விலையும் பரவாயில்லை. பார்க்கப் போன அன்று அடிப்பக்கம் முழுக்கப் பனி நிறைந்து கிடந்தது. குனிந்து பார்க்கவில்லை. வீட்டைப் பரிசோதித்து அறிக்கை தந்தவரும் பார்க்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. முதல் குளிர்காலம் தரை சில்லிட்டது. மனைவி இரண்டு காலுறைக்கு மேல் செருப்புப் போட்டுக்கொண்டு சமைத்தாள். சரி, ஸ்காபரோ மூளை வேலை செய்தது. அடியால் காற்று வருகிறது, அடைத்துவிட்டால் போச்சு. கோடையில் பிளைவுட் பலகை வாங்கி வீட்டைச் சுற்றி நிலம் வரைக்கும் இறுக அடைத்து, உள்ளே சூடுகாப்புப் பஞ்சும் வைத்தேன். போதாததற்குக் குளிர்காலத்தில் வாசலில் வழித்த பனியையெல்லாம் அந்தப் பலகையோடு சேர்த்துக் குவித்தேன். பனி நல்ல போர்வை அல்லவா! தரை சூடாகிவிட்டது. வீட்டில் எனக்கு நல்ல பெயர்.

மூன்றாம் வருடம் குளிர்சாதனப் பெட்டியின் கதவு தானாகத் திறக்கத் தொடங்கியது. பெட்டியில் பிழை என்று பெட்டியை மாற்றினேன். பிறகு குளியலறைக் கதவு இறுகியது. கதவை இழைத்தேன். ஒருநாள் மகன் கூடத்தில் போளை விளையாடிக்கொண்டிருந்தான், ஒரு போளையை வெறுமனே தரையில் வைத்தான், அது மெல்ல உருளத் தொடங்கி, வேகம் பிடித்து, குசினி மூலையில் போய் நின்றது. அவனுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. எனக்கு வயிறு கலங்கியது. அடுத்த நாள் கூட வேலை செய்கிற இனுவியாலுயிட் பெரியவரைக் கூட்டிவந்தேன். அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. பிளைவுட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிலத்துக்கு ஏன் இவ்வளவு சூடான போர்வை போட்டாய் என்று கேட்டார். கட்டடப் பராமரிப்பு என்று சம்பளம் வாங்குகிற எனக்கு அந்த இடத்திலேயே முகம் சுருங்கிவிட்டது.

கணக்கு அவ்வளவுதான். ஸ்காபரோவில் குளிரிலிருந்து வீட்டைக் காப்பாற்றுவோம். இங்கே வீட்டிலிருந்து குளிரைக் காப்பாற்ற வேண்டும். நான் அடைத்த அடைப்பில் வீட்டின் சூடு முழுக்க நிலத்துக்குப் போனது, குளிர்காற்று வருவது நின்றது, குவித்த பனி நிலத்தின் சூட்டை வெளியேற விடாமல் மூடியது. பைல்களைக் கவ்விப் பிடித்திருந்த மண் இரண்டு பக்கம் இளகிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, உத்தரங்களுக்கு அடியில் கட்டை கொடுத்து மட்டம் எடுக்க நான் சேமித்த காசில் பாதி போனது. பிறகு நான்கு வருடம் ஒவ்வொரு செப்டெம்பரிலும் ரசமட்டத்தோடு அடியில் தவழ்ந்தேன். நிலம் பழையபடி இறுகிவிட்டது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்லமாட்டேன். அசைவு நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு மடத்தனமும் செய்தேன். வீட்டுப் பின்பக்கம் முழங்கால் புதைகிற பாசியாக இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கீரைப் பாத்தி போடலாம் என்று ஆசை. அந்தப் பாசிதான் கோடை வெயில் நிலத்துக்கு இறங்காமல் தடுக்கிற கூரை என்பது தெரியாது. இரண்டு கோடையில் பாத்தி இருந்த இடம் குளமாகிவிட்டது. இப்போது அதில் வாத்து வருகிறது.

உங்களைப் பயமுறுத்திய ரஷ்யப் படத்துக்கு வருகிறேன். அது நொரில்ஸ்க் நகரம். 2020 மே 29இல் அங்குள்ள மின்நிலையத்தின் டீசல் தாங்கி உட்கார்ந்து, 21,000 தொன் அளவில் எரிபொருள் நிலத்துக்கும் ஆற்றுக்கும் போனது. உறைநிலம் இளகித் தாங்கியின் தூண்கள் இறங்கின என்று நிறுவனம் சொன்னது. பராமரிப்புச் சரியில்லை என்று மற்றப் பக்கம் சொன்னது. வழக்கு முடிந்தபோது தண்டம் 146 பில்லியன் ரூபிள். வீடுகளுக்கு அடியில் தவழ்ந்தவன் என்ற முறையில் இரண்டையும் நம்புகிறேன். ஆர்க்டிக் 1979க்குப் பிறகு உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது, அதை இங்கே யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் நான் சரிபண்ணப் போன சாய்ந்த வீடுகளில் பாதிக்குப் பாதியின் அடியில் ஒழுகுகிற கழிவுக் குழாயோ, கூரைத் தண்ணீர் தேங்குகிற பள்ளமோ, என்னைப்போல் ஒரு புத்திசாலி அடித்த பலகையோதான் இருந்தது. முன்பு நிலம் நம் பிழைகளைப் பொறுத்துக்கொண்டது. இப்போது அதற்குப் பொறுமை குறைந்துவிட்டது. கோடையில் பெருமழை பெய்தால் அந்த வருடமே வித்தியாசம் தெரிகிறது.

பெரிய கட்டடங்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். வந்தால் சில கட்டடங்களின் ஓரத்தில் மேலே தகடு தகடாகச் செட்டை வைத்த குழாய்கள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். புகைபோக்கி என்று நினைத்துவிடாதீர்கள். தெர்மோசைஃபன் என்று பெயர். மூடிய குழாய்க்குள் அழுத்தத்தில் கரியமில வாயு. நிலத்தின் சூட்டில் கீழே ஆவியாகி மேலே ஏறும், குளிர்காற்றில் திரவமாகிக் கீழே வழியும், போகும்போது நிலத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், கோடையில் தானே நின்றுவிடும். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்ப் பாதையில் ஒரு இலட்சத்துக்கு மேல் இதே மாதிரிக் குழாய்கள் நிற்கின்றன. 1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய 1,287 கிலோமீட்டர் குழாயில் பாதிக்கு மேல் நிலத்துக்கு மேலேயே தூக்கி வைத்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான். என் வீட்டுக்கு ஒன்று கேட்டேன். விலையைச் சொன்னார்கள், வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீரும் கழிவும் எப்படிப் போகின்றன என்று யோசித்தீர்களோ தெரியாது. குழாயைப் புதைத்தால் ஒன்று அது உறையும், இல்லை நிலத்தை இளக்கும். அதனால் ஊர் முழுக்கப் பின்வளவுகளால் தகரப் பெட்டிபோல ஒன்று, பைல்களின் மேல் பாம்பாக ஓடுகிறது. யூட்டிலிடோர் என்பார்கள். உள்ளே சூடுகாப்போடு தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும். நடைபாதை வரும் இடத்தில் அதைத் தாண்ட மரப்படி இருக்கும். பிள்ளைகளுக்கு அதன்மேல் நடக்க ஆசை வரும், முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள். இந்தப் பெட்டியின் பைல் ஒன்று இறங்கினாலோ நிமிர்ந்தாலோ குழாயின் சரிவு மாறும். சரிவு மாறினால் கழிவு போகாது. என் வேலையில் நாற்றமடிக்கிற பகுதி அதுதான்.

அடுத்தது ரோட்டு. டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை யூக்கோனின் டோசன் பக்கத்திலிருந்து இங்கே வருகிறது, 736 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுக்கச் சரளைக்கல், 1979இல் திறந்தது. உறைநிலத்தை வெட்டாமல் அதன்மேல் கல்லைக் கொட்டித் தடித்த மெத்தைபோலப் போட்ட ரோட்டு. பீல் ஆற்றிலும் மக்கென்சி ஆற்றிலும் பாலம் கிடையாது. கோடையில் பாதை ஓடும் (தமிழ்நாட்டு ஆட்கள் இதை வாசித்தால், நம்மூரில் பாதை என்றால் வாகனம் ஏற்றுகிற படகு), குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் வாகனம் ஓடும். ஆறு உறையும் மாதத்திலும் உடையும் மாதத்திலும் இரண்டும் இல்லை. அந்த வாரங்களில் கடையில் பால் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் செப்டெம்பர் முடியமுன் மூட்டையாக வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த ரோட்டுப் பக்கத்தில், ஃபோர்ட் மெக்ஃபெர்சனை அடுத்த மேட்டு நிலத்தில், மலைச்சரிவே உருகி வழிகிற இடங்கள் இருக்கின்றன. ஸ்லம்ப் என்பார்கள். சரிவில் ஒரு காயம் திறந்தால் உள்ளே இருக்கும் பனிச்சுவர் வெயிலுக்குத் தெரியும், உருகும், மண் கூழாக இறங்கும், புதுச்சுவர் தெரியும், அதுவும் உருகும். வருடக்கணக்காக இப்படியே பின்னுக்குத் தின்றுகொண்டு போகும். 2015 டிசம்பரில் அப்படி ஒரு ஸ்லம்ப் தின்றுகொண்டே போய் ஒரு சிறு ஏரியின் கரையைத் தொட்டது. ஏரித் தண்ணீர் அருவியாகப் பள்ளத்தாக்குக்குள் கொட்டியது. விஞ்ஞானிகள் முன்பே எதிர்பார்த்து அறிவித்திருந்ததால் ஒருவருக்கும் ஆபத்தில்லை.

ரோட்டு உடைந்தால் கடைச் சாமான் மட்டும் நிற்கும் என்றில்லை. 1999இலிருந்து பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்து எரிவாயு வந்தது. 2012 அளவில் அந்தக் கிணறு கைவிட்டுவிட்டது. அதன்பிறகு வீடு சூடாக்குகிற எரிபொருள் பெரும்பாலும் தெற்கிலிருந்து லொறியில்தான் ஏறி வருகிறது. உருகுகிற ரோட்டில் வருகிற எரிபொருளை எரித்து, உறையவேண்டிய நிலத்துக்கு மேலே சூடாக இருக்கிறோம். இதை நினைத்தால் சிரிப்பும் வரும்.

இங்கிருந்து வடக்கே துக்தொயாக்துக் வரை இன்னொரு ரோட்டு, 2017 நவம்பரில் திறந்தார்கள். ஏறத்தாழ 140 கிலோமீட்டர், 300 மில்லியன் டொலர் அளவில் செலவு. அதற்கு முன்பு அந்த ஊருக்கு வாகனத்தில் போவதென்றால் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றிலும் கடலிலும்தான். புது ரோட்டைக் கட்டியதே குளிர்காலங்களில், நிலம் கல்லாக இறுகியிருக்கும்போது, துணி விரித்து அதன்மேல் சரளை கொட்டி. அப்படியும் ஓரங்கள் சரிகின்றன, கோடை முழுக்க ரோட்டை மட்டப்படுத்துகிற கிரேடர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஆகஸ்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். வழியில், வெட்டவெளியில் குட்டி எரிமலைபோலக் கூம்பு மலைகள் நிற்கும். உள்ளே பனிக்கட்டி. பிங்கோ என்று பெயர், இபியுக் என்ற பெரியது 49 மீற்றர் உயரம்.

துக்தொயாக்துக்கில் கடல் நேராகவே ஊரைத் தின்கிறது. கரை முழுக்க உறைமண்ணும் பனிக்கட்டியும். முன்பு வருடத்தில் பெரும்பகுதி கடல் உறைந்து கிடந்து கரைக்குக் காவலாக இருந்தது. இப்போது திறந்த கடல் காலம் நீண்டுவிட்டது, இலையுதிர்காலப் புயலலை நேரே வந்து அடிக்கிறது, கரை கீழே உருகி மேலே இடிந்து விழுகிறது. துறைமுகத்துக்கு அலைமறிப்பாக நிற்கிற தீவு வருடத்துக்கு இரண்டு மீற்றர் அளவில் தேய்கிறது. 2020இல் முனையில் இருந்த சில வீடுகளைச் சறுக்கில் ஏற்றி உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் 900 பேரளவில்தான். குடிதண்ணீர் பவுசரில் (தாங்கி லொறியில்) வரும், கழிவும் பவுசரில் போகும். 1963இல் நிலத்துக்குள் பத்து மீற்றர் அளவு இறக்கி வெட்டிய ஒரு பொதுப் பனிக்கிடங்கு இருக்கிறது, திமிங்கில இறைச்சியும் மீனும் வைக்க. மின்சாரமே இல்லாத குளிர்சாதனப் பெட்டி. அங்குள்ள ஒரு அம்மா சொன்னார், தன் தகப்பனின் கல்லறை இருக்கிற மயானமும் கரையிலிருந்து தூரமில்லையாம். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வளவையும் வாசித்துவிட்டு ஊர் முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சாய்ந்து நிற்பவை பெரும்பாலும் மரங்கள்தான், குடிகார மரங்கள் என்பார்கள். மற்றபடி ஒழுங்காக ஓடுகிற ஊர். மூவாயிரம் சனம், ஒரு பெரிய பள்ளிக்கூடம், நீச்சல் தடாகம். பனிவீடு வடிவத்தில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது, 1960இல் கட்டியது. சரளைப் படுக்கைமேல் கொங்கிரீட் தட்டை வைத்து அதன்மேல் நிற்கிறது, இந்த ஊரில் பைல் இல்லாமல் நிமிர்ந்து நிற்கும் அபூர்வங்களில் ஒன்று. பள்ளிவாசல் 2010இல் வினிப்பெக்கிலேயே கட்டி, லொறியிலும் ஆற்றுப் படகிலுமாக 4,000 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தது. கோயில் இல்லை. நாங்கள் சில குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பொங்குவோம். டிசம்பர் முதல் வாரம் மறைகிற சூரியன் ஜனவரி முதல் வாரம்தான் தலைகாட்டும், அதற்குப் பிறகு ஒரு கிழமையில் பொங்கல். சூரியனுக்குப் பொங்குவதன் அர்த்தம் எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது.

தோட்டம் வேண்டுமென்றால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். பழைய ஐஸ் ஹொக்கி அரங்கம் ஒன்றைக் ஒளி புகும் கூரை போட்டுப் பொதுத் தோட்டமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். உயர்த்திய பெட்டிகளில் மண். ஒரு பெட்டிக்குப் பெயர் கொடுங்கள். இருபத்துநாலு மணித்தியால வெயிலில் வெந்தயக்கீரை வளர்கிற வேகத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். கறிவேப்பிலை மட்டும் எனக்கு மூன்று தரம் பட்டுப்போனது. மனைவி கை வைத்தால் வரும், நான் வைத்தால் வராது.

சரி, வீட்டு விசயம். தங்கச்சியின் வேலைக்கு உத்தியோக வீடோ வாடகை உதவியோ உண்டா என்று கையெழுத்துப் போட முதல் கேளுங்கள். உண்டென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதிலேயே இருங்கள். வீடு இறங்கினால் தூக்குவது வீட்டுக்காரன் பாடு. வருமான வரியில் வடபகுதி வாசிகளுக்கான கழிவு இருக்கிறது, இனுவிக்கில் நாளுக்கு 11 டொலர், வீட்டில் வேறு யாரும் கோராவிட்டால் இன்னொரு 11. தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். முதல் வருடம் அதைக் கோரத் தெரியாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு குளிர்காலம் கழித்தும் வாங்கத்தான் வேண்டுமென்றால் செப்டெம்பரில் பாருங்கள். கோடை முழுக்க இளகிய நிலம் அதிக ஆழத்துக்கு இளகி நிற்கிற நேரம் அது, வீட்டின் குறை முழுக்கத் தெரியும். பனி மூடிய வீட்டை வாங்குவது உறைபோட்ட புத்தகத்தை வாங்குகிற மாதிரி. பைல் மரமா இரும்பா, எவ்வளவு ஆழம், கடைசியாக எப்போது மட்டம் எடுத்தார்கள் என்று கேளுங்கள். "இதுவரை எடுத்ததே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் நல்ல செய்தியாகவும் இருக்கலாம், பார்க்கவே இல்லை என்பதாகவும் இருக்கலாம். பழைய மரப்பைல் நிலத்தோடு சேர்கிற இடத்தில் உக்கியிருக்கும், ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, அடியில் குளம் கட்டியிருக்கிறதா, கழிவுக் குழாயின் கீழே மண் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடுகிற கீறல் இருந்தால் அந்தப் பெயின்ட் ஏன் அடித்தார்கள் என்று விளங்கும். நிலம் இறங்கி வருகிற சேதத்தைச் சாதாரண வீட்டுக் காப்புறுதி பொதுவாகத் தாங்காது, பத்திரத்தில் அந்த வரியைத் தேடி வாசியுங்கள். சில வீடுகளுக்கு அடியில் திருகி உயர்த்துகிற ஜாக்கி நிரந்தரமாகவே பொருத்தியிருக்கும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். அந்த வீட்டைக் கட்டியவனுக்கு நிலத்தைத் தெரியும் என்று அர்த்தம்.

போளை ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். ஏஜென்ட் சிரித்தால் சிரிக்கட்டும்.

வருவதென்றால் ஜூன் கடைசியில் வாருங்கள், ஆறு உடைந்து பாதை ஓடத் தொடங்கியிருக்கும். பிள்ளைகளுக்கு இரவு இல்லாத ஊர் முதலில் பிடித்துப்போகும். யன்னலுக்குக் கறுத்தத் துணி மறக்காதீர்கள். உத்தியோக வீட்டின் படங்களை அனுப்புவார்கள், கூடம், குசினி, குளியலறை எல்லாம் பளபளவென்று இருக்கும். அவை எனக்கு வேண்டாம். வீட்டுக்கு வெளியே நின்று, குனிந்து, அடிப்பக்கத்தை நான்கு மூலையிலிருந்தும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.